இரண்டடி மேடை, எட்டடிப் பலகை

மிஷினுடைய மேடை இரண்டடிக்கு இரண்டடி. கொழுந்தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பலகை எட்டடி நீளம். பார்த்த எவருக்கும் ஒரு கேள்வி வரும். தெருவில் போன பால்காரருக்கு வந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மாவுக்கு வந்தது. பலகை அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கு அந்த மாதிரிக் கேள்விகள் சுலபத்தில் வராது. வந்தாலும் உட்காரச் சொல்லமாட்டாள்.

பலகை அக்கா என்பது தெரு வைத்த பேர். வீட்டு ஓரத்துக் கார் ஷெட்டில் கார் கிடையாது. ஒரு சின்ன சி.என்.சி. மிஷின்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் அப்படியே செதுக்கும். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி அவளே நிமிர்த்திய மிஷின் அது. மூன்று வருஷமாகப் பெயர்ப்பலகை, கதவு எண், கடை போர்டு என்று வேலை நடக்கிறது. எல்லாம் இரண்டடிக்குள் அடங்குகிற சமாசாரம்.

கொழுந்தன் தச்சர். அவளுடைய வீட்டுக்காரரின் தம்பி. இருபது வருஷமாகக் கதவும் ஜன்னலும் இழைத்தவர். மிஷினுக்கு அவர் வைத்த பேர் பொம்மை.

"என்ன அண்ணி, பொம்மைக்கு மேல கட்டில் போடப் போறீங்களா?"

"கட்டில் இல்ல. ஒரு ஆஸ்பத்திரியையே போடப் போறேன். அந்தப் பக்கம் பிடிங்க."

விஷயம் இதுதான். அக்காவுக்கு ஒரு தங்கை. பிறவியிலேயே கண் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். டாக்டரிலிருந்து துப்புரவுக்காரர்வரை எல்லாருக்கும் அவள் 'லைனம்மா'. இப்போது ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே போன்கள் தாங்களே ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளுமாம், லைன் கொடுக்க ஆள் தேவையில்லையாம். லைனம்மாவை ஒரு அறையில் உட்காரவைத்து மரியாதையாகச் சும்மா இருக்கச் சொன்னார்கள். சும்மா இருக்கிற ஜாதகமா அது? நேரே பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். கண் வார்டுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் பாதி வயதில் பார்வையை இழந்து வருகிறார்கள். அவர்களை யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிகிறார்கள். அவர்கள் தனியாக நடக்க நான் சொல்லித்தருகிறேன், அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்றாள்.

அப்படி ஒரு வேலையே இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது என்றார் டாக்டரம்மா. சரி, உண்டாக்குங்கள் என்றாள் இவள். டாக்டரம்மா கறார் பேர்வழி. கடைசியில் இப்படிச் சொன்னார்: "திங்கட்கிழமை பத்து மணிக்குப் புதுக் கட்டடம் திறக்கறோம். புதுசா பார்வை போன ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். அங்க காலே வச்சிருக்கமாட்டார். நீ சொல்லிக்கொடு. வாசல்லேருந்து கண் வார்டுக்கு அவர் தனியா போயிட்டா வேலை உனக்கு. போகலன்னா இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக்கூடாது."

தங்கை கேட்டது ஒரு வரைபடம். விரலால் படிக்கிற படம். கட்டடத்தின் நீள நடைபாதை ஒரு விரல் அகலப் பள்ளமாக இருக்க வேண்டும். கதவுக்கு ஒரு குழி. படி வருகிற இடத்தில் பள்ளத்துக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரு வரம்பு. முக்கியமாக, படம் ஒரே பலகையில் வேண்டும்.

"நாலு துண்டா செஞ்சு ஒட்டிட்டா என்ன?" என்று அக்கா கேட்டிருந்தாள்.

"ஒட்டு விரலுக்குக் கோடாத் தெரியும்க்கா. என் படத்துல குறுக்குக் கோடுன்னா படி. இல்லாத படிக்கு ஒருத்தர் காலைத் தூக்கி வச்சார்னா, அப்புறம் எந்தப் படத்தையும் நம்பமாட்டார். என்னையும் நம்பமாட்டார்."

அக்கா உடனே கொழுந்தனிடம் சொல்லி எட்டடிப் பலகை ஒன்று தேடச் சொன்னாள். கணு இல்லாமல், வளைவு இல்லாமல், அந்த அகலத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. மிஷினுக்கு முன்னாலும் பின்னாலும் தடுப்பு கிடையாது, அதனால் பலகையை உள்ளே விட்டு நாலு பகுதியாகத் தள்ளித் தள்ளிச் செதுக்கலாம். ஒவ்வொரு தள்ளுக்கும் இருபத்திரண்டு அங்குலம். தள்ளும்போது பலகை ஒரு நூல்கூட விலகக்கூடாது, அவ்வளவுதான் வித்தை. மிஷினையே துளை போடச் சொல்லி முளை அடித்துப் பொருத்துகிற ஒரு வழியை அக்கா யோசித்து வைத்திருந்தாள். ஆனால் கொழுந்தன் மூலைமட்டத்தோடு வந்து நின்றார்.

"நேர் பாக்கறது என் தொழில் அண்ணி. மேடை ஓரத்துல ஒரு சட்டம் அடிச்சுத் தரேன். பலகையை அதை ஒட்டித் தள்ளுங்க. ரயில் மாதிரி போகும்."

மனிதர் பலகையைத் தேடிக் கொடுத்தவர். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். பொம்மை பொம்மை என்று மூன்று வருஷமாகச் சொன்ன வாய், முதல் தடவையாக ஒத்தாசைக்கு வந்திருக்கிறது. அக்கா சரி என்றாள். குடும்பத்தில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் அவதிப்படுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது, அன்றைக்கு வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, சட்டத்தை அவர் அழகாகத்தான் அடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மட்டம் பார்த்தார். பலகையின் வால் ஷெட்டைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தாங்க ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் உருளுவதற்கு ஒரு துண்டுத் தண்ணிக்குழாய். சைக்கிளில் வந்த தபால்காரர் இறங்கி, பலகையைச் சுற்றிப்போய், எதுவும் கேட்காமல் மறுபடி ஏறிக்கொண்டார். மூன்று தள்ளு, நாலு பகுதி. மரத்தூளைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது எட்டடிக்கும் ஒரே பள்ளம், வாய்க்கால் வெட்டியது மாதிரி ஓடிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, கல்யாணத்தை நடத்தி முடித்தவர்கள் தோற்றார்கள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் வைத்து வாசலிலிருந்து கிளம்பினாள். விரல் இருபத்திரண்டு அங்குலம் போயிற்று, நின்றது.

"இங்க படி இருக்காக்கா?"

"இல்லையே."

விரல் இன்னும் போயிற்று. மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. பலகையைத் தள்ளி வைத்த மூன்று இடங்களும் அவைதான். அக்கா குனிந்து அந்த இடங்களை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணுக்கே தெரியலையே லைனம்மா. அரை மில்லி இருந்தா அதிகம்" என்றார் கொழுந்தன்.

"கண்ணுக்குத் தெரியலன்னா எனக்கென்ன தச்சரே. அது உங்க கண்ணோட கஷ்டம்."

கொழுந்தன் தன் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தின் ஓரமாக ஓட்டினார். நகம் தட்டியது. தொழில்காரர் அல்லவா, அதற்கப்புறம் வாதாடவில்லை. மூலைமட்டத்தை எடுத்து ஒரு துண்டுப் பலகையில் வைத்துக் கோடு கிழித்தார். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியில் இன்னொரு கோடு கிழித்தார். மட்டம் கோணலாக இருந்தால் இரண்டு கோடும் பிரிந்துபோகும். பிரியவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

"என் மட்டத்துல குத்தம் இல்ல அண்ணி" என்றார். ஜெயித்த குரலில் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

மட்டம் சரியென்றால் மிச்சம் இருக்கிற ஆசாமி யார்? அக்கா ஒரு துண்டுப் பலகையைப் பூட்டி, மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிஷினை ஒரு கோடு கிழிக்கச் சொன்னாள். சட்டத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தாள். இந்த முனையில் ஒரு அளவு. அந்த முனையில் அரை மில்லி அதிகம். சட்டம் மேடைக்கு நேர். மிஷின்தான் மேடைக்கு நேராக நடக்கவில்லை. மூன்று வருஷமாக நடக்கவில்லை. இரண்டடிக்குள் வேலை செய்தவரைக்கும் அந்த அரை மில்லியைப் பார்த்துக் கேட்க ஆளில்லை. நீளப் பலகை வந்தது, குட்டு உடைந்தது.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஒவ்வொரு போல்ட்டும் அவள் கையால் முடுக்கியது. யாராவது பொம்மை என்று சொல்லமாட்டார்களா, சண்டை போட்டாவது ஆறலாமே என்றிருந்தது. கொழுந்தன் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பலகை போச்சா?" என்று கேட்டாள் தங்கை. குரல் லேசாகக் கம்மியது. லைனில் யார் என்ன திட்டினாலும் கம்மாத குரல் அது.

அக்கா பலகையின் விளிம்பைத் தடவினாள். கனம் ஒரு அங்குலம். வெட்டிய பள்ளத்தின் ஆழம் நாலு மில்லி. "போகல. பலகைக்கு இன்னொரு பக்கம் இருக்கு. நீ போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் பழைய கட்டடத்தில் கடைசி டியூட்டி. கொழுந்தன் காலையிலேயே ஸ்பேனரோடு வந்தார். "போல்ட்டைத் தளர்த்தி மிஷினை நேராக்கிடுவோம்."

"அதைத் தொடவேண்டாம். இன்னிக்குக் கழட்டினா சாயங்காலம் வேற பக்கம் கோணிக்கிட்டு நிக்கும்."

"கோணல் மிஷினை வச்சு நேர்ப் பாதை எப்படி அண்ணி போடுவீங்க?"

"அது கோணலாத்தான் போகுது. ஆனா தினமும் ஒரே கோணல். உங்க அண்ணனைப் பாருங்க. எந்தக் கடைக்கு அனுப்பினாலும் ஒரு சாமானை மறந்துட்டுத்தான் வருவார். எதை மறப்பார்னு எனக்குத் தெரியும். அதை முன்னாடியே நான் வாங்கி வச்சுடுவேன். குடும்பம் ஓடலையா?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் சத்தமாக ஒரு பக்கத்தைப் புரட்டினார். காதில் விழாமல் இருக்காது.

சட்டத்தை அவள் கழற்றி எறிந்தாள். நேற்று தொண்டையில் நின்றுபோன வழியை இப்போது வெளியே எடுத்தாள். பலகையைத் திருப்பிப் போட்டுப் பூட்டினார்கள். முதலில் மேடையின் இந்த முனையில், பலகையின் இரண்டு ஓரத்திலும் மிஷினே இரண்டு துளை போட்டது. பலகையைத் துளைத்து மேடைக்குள்ளும் இறங்கின துளைகள். அப்புறம் மிஷின் தன் போக்கில் இருபத்திரண்டு அங்குலம் நடந்து அந்த முனைக்குப் போய், அங்கே இரண்டு துளை. இந்த முனையில் மேடைக்குள் இரண்டு முளை நிற்கும். பலகையைத் தள்ளும்போது அந்த முனைத் துளைகள் இந்த முளைகளில் வந்து உட்கார வேண்டும். மிஷின் எந்தக் கோணலில் நடந்ததோ, அதே கோணலில் பலகையும் நகரும். இரண்டும் சேர்ந்தே கோணினால் நடுவே பிசகு எங்கிருந்து வரும்? துளைகள் ஓரத்தில் இருப்பதால் பின்னால் சட்டம் அடித்து மூடிவிடலாம்.

கொழுந்தன் தாடையைச் சொறிந்துகொண்டு இதைக் கேட்டார். "அப்ப முளைதான் எல்லாம்" என்றார்.

"ஆமா. துளையில தளர்ந்தா போச்சு. இறுகினாலும் போச்சு. அது என் கையால ஆகாது."

அதைக் கேட்டதும் மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பையிலிருந்து வைரம் பாய்ந்த ஒரு கட்டைத் துண்டை எடுத்து உட்கார்ந்தார். முதல் முளை லொடலொட என்று ஆடியது, வீசிவிட்டார். இரண்டாவதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துளையில் வைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு தேய் தேய்த்து, மறுபடி பார்த்தார். கையால் வைத்தால் நிற்கவேண்டும், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போகவேண்டும். அப்படி இரண்டு. இருபது வருஷத்துக் கை அது, அக்கா வாயைத் திறந்து பாராட்டவில்லை, தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

முதல் பகுதி முடிந்தது. மேடையைத் தூசில்லாமல் துடைத்துவிட்டுப் பலகையைத் தள்ளினார்கள். துளைகள் முளைகளுக்கு நேரே வந்தன. கொழுந்தன் இந்த ஓரம் ஒரு தட்டு, அக்கா அந்த ஓரம் ஒரு தட்டு. பலகை டப்பென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்திலேயே இரண்டு பேருக்கும் பாதி பயம் போய்விட்டது. அந்த முனையில் புதிதாக இரண்டு துளை, மறுபடி ஒரு தள்ளு, இப்படி நாலு பகுதியும் முடிய மத்தியானம் மூன்று மணி.

கொழுந்தன் நகத்தை ஓட்டினார். தட்டவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் விரலை அவளே நம்பவில்லை. தெரியக்கூடாது என்று ஆசைப்படுகிற விரலுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குத்தான் புது வாசலில் பலகையை ஒரு சாய்வு மேஜைமேல் பொருத்தி முடித்தார்கள். சனிக்கிழமைத் தப்புப் பக்கம் மேஜைக்கு அடியில் போய்விட்டது. தங்கை ஓடிவந்து பள்ளத்தில் விரலை வைத்து ஒரு ஓட்டம் ஓட்டினாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். தங்கை வாயைத் திறக்கும் முன்னால் டாக்டரம்மா வந்துவிட்டார்.

அவரோடு வந்த ஆள் ஒரு லாரி டிரைவர். தடித்த மீசை. மூன்று மாதத்துக்கு முன்னால் பார்வை போனவர். கையில் கொடுத்திருந்த கம்பை, வேண்டாத விருந்தாளியின் பை மாதிரி ஓரமாகப் பிடித்திருந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார் எடுத்த எடுப்பில். "யாராவது கையைப் பிடிச்சு விட்டுட்டா போதும். பழகிடுச்சு."

"உங்களுக்குப் பழகிடுச்சா, அவங்களுக்குப் பழகிடுச்சா?" என்றாள் தங்கை. அவள் அவர் விரலை எடுத்துப் பலகையின் முனையில் வைத்தாள். "இது நீங்க நிக்கிற வாசல். இனிமே ரோடு உங்களது. குழி வந்தா கதவு. குறுக்கே வரம்பு வந்தா படி. படி தாண்டி வலது பக்கம் மூணாவது கதவு கண் வார்டு. ஓட்டிட்டுப் போங்க."

விரல் கிளம்பியது. முரட்டு விரல், முதலில் தயங்கியது. அக்கா மனசுக்குள் அங்குலம் எண்ணினாள். பகுதிகள் இணைகிற முதல் இடம் வந்தது. விரல் நிற்காமல் போயிற்று. இரண்டாவது வந்தது. போயிற்று. மூன்றாவது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் அதையும் தாண்டியது. ஒரு சாண் தள்ளிப்போய் நின்றது.

"இங்க என்னமோ இருக்கு."

அக்காவுக்கு உயிரே போயிற்று.

"எத்தனை இருக்கு?" என்றாள் தங்கை.

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

"ரெண்டு படி. ஏறணும்."

கூட நின்ற கட்டட இன்ஜினியர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "பிளான்ல அங்க படி இல்லையே."

"பிளான்ல இல்ல சார். தரையில இருக்கு. போன வாரம் என் கால் இடிச்சது" என்றாள் தங்கை.

டிரைவர் இன்னும் ஒரு தடவை விரலை முழுசாக ஓட்டினார். பிறகு இன்னும் ஒரு தடவை. யாரும் கேட்காமலே சொன்னார்: "ரோடு நல்லா இருக்கு. எங்கயும் ஒட்டுப்போடல." கொழுந்தன் பக்கத்தில் கனைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

டிரைவர் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டார். இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தார். யாரும் கூட வரக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. அதனால் எல்லாரும் கூட வந்தார்கள், சத்தமில்லாமல். அக்கா, கொழுந்தன், இன்ஜினியர், சாட்சாத் டாக்டரம்மா, நாலு பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் பூனை நடை நடந்தார்கள். தங்கை அக்காவின் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகிக்கொண்டே போயிற்று.

நடைபாதையில் பாதி வந்தது. முக்கால் வந்தது. பலகையில் மூன்றாவது இணைப்பு இருந்த தூரத்தை டிரைவர் ஒரே சீராகத் தாண்டினார். கொஞ்ச தூரம் போனதும் நடை மெதுவாயிற்று. கம்பு படியில் தட்டுவதற்கு முன்பே மெதுவாயிற்று, அதை அக்கா கண்ணால் பார்த்தாள். வலது காலைத் தூக்கி வைத்தார். இடது காலைத் தூக்கி வைத்தார். மூன்றாவதாக ஒரு படியைத் தேடவில்லை.

வலது சுவருக்கு மாறினார். ஒரு கதவு. இரண்டு கதவு. மூன்றாவதில் நின்று, விரலை மடக்கித் தட்டினார். ஒரு நர்ஸ் கதவைத் திறந்தார். விஷயம் தெரியாத நர்ஸ்.

"கூட யார் வந்திருக்கா?"

பத்தடி பின்னால் நாலு பேர் கையில் செருப்போடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் வரல" என்றார் டிரைவர். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "நான்தான் வந்தேன்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை, கையில் செருப்பு. டாக்டரம்மா தன் செருப்பைத் தரையில் போட்டு மெல்ல மாட்டிக்கொண்டார். தங்கையின் காதருகே குனிந்து, "எப்ப வேலையில சேர்றே?" என்று கேட்டார்.

"பத்து மணிக்கே சேர்ந்துட்டேன் டாக்டர்" என்றாள் தங்கை.